பின்பலகையில் எழுதிய பெயர்

வாங்க தம்பி, நிழலுக்கு வாங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. ஒரு கால் ஆடும், ஆனா விழாது. விழுந்தவங்க யாரும் இதுவரைக்கும் என்கிட்ட வந்து சொன்னதில்லை.

டிரெய்லர் பார்க்க வந்திருக்கீங்க. தெரியும். என் மச்சினன் ஐகோர்ட்துரை நேத்தே சொல்லிட்டான். பேர்தான் ஐகோர்ட். வாயைத் திறந்து ஒரு தீர்ப்பு சொல்ல மாட்டான். அவன் போய் ஒரு ஆளைப் பிடிச்சு அனுப்பியிருக்கான்னா எனக்கே ஆச்சரியமா இருக்கு.

அதோ நிக்குது பாருங்க. நாற்பது அடி. சொந்த டிரெய்லர். முன்பக்கம் இருந்து பாருங்க, அப்பதான் அழகு தெரியும். பின்பக்கம் உடைமரம் அடைச்சுக்கிடக்கு, முள்ளு குத்தும். அங்க அப்புறம் போகலாம். என்ன அவசரம்?

அவசரம் எனக்கில்லை, என் வீட்டம்மாவுக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இது கைமாறணும்ங்கிறா. துறைமுகத்து ரோட்டுல ஜெபமணி அண்ணாச்சி லாரி யார்டு இருக்குல்ல, முன்னாடி நான் அங்கதான் ஓட்டினேன். "லிங்கத்துரைக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். சாயங்காலம் கேட்டைப் பூட்டுறதுக்குள்ள வரச் சொல்லு, இல்லாட்டி வேற ஆளைச் சேர்த்துக்கிடுவேன்"னு அண்ணாச்சி சொல்லி விட்டிருக்கார். நாளைக்குக் கப்பல் வருதாம். கெஞ்சுறார் தம்பி. வயசான மனுஷன், எவ்வளவு நாள்தான் காக்க வைக்கிறது?

ஆனா பிரம்மசக்தி, அதான் என் வீட்டம்மா, ஒரே பேச்சாச் சொல்லிட்டா. "இது இங்க நிக்கிற வரைக்கும் நீங்க அங்க போக மாட்டீங்க. முதல்ல இது போகட்டும்." சரின்னுட்டேன். பொம்பளைங்க மனசு நோகக் கூடாது பாருங்க.

உங்களுக்கும் ஒரு ஹார்ஸ் இருக்கு. வெளியில நிறுத்தினீங்களே, பார்த்தேன். நல்ல வண்டி. இனிமே டிரெய்லரும் சொந்தமா வாங்கலாமா, இல்ல யார்டுல சேர்ந்து அவங்க டிரெய்லரை இழுத்துக் காலத்தை ஓட்டலாமான்னு யோசனை. சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. இந்தத் தூத்துக்குடியில இந்த விஷயத்துல எனக்கு இருக்கிற அனுபவம் எவனுக்கும் கிடையாது.

தொழில் தெரியாதவங்களுக்கு இது லேசுல புரியாது. பிரம்மசக்திக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். முன்னாடி என்ஜினோட போற வண்டி ஹார்ஸ், அதுதான் எல்லாத்தையும் இழுக்கும். பின்னாடி சக்கரத்தோட சும்மா வர்றது டிரெய்லர். "அப்ப நம்ம வீடு மாதிரி"ன்னா. யாரு ஹார்ஸுன்னு அவ சொல்லலை. நானும் கேட்கலை, அதுதான் தெரிஞ்ச விஷயமாச்சே.

என்கிட்ட ஹார்ஸ் மட்டும்தான் இருந்துச்சு. டிரெய்லர் எல்லாம் அண்ணாச்சியோடது. காலையில யார்டுக்குப் போவேன். சரக்கு ஏத்தின டிரெய்லர் ஒண்ணு தன் இரும்பு முன்காலை ஊனி நிக்கும். ரிவர்ஸ்ல போய்ப் பூட்டுவேன். மில்லுக்குக் கொண்டு போவேன். அங்க காலை இறக்கி டிரெய்லரை நிறுத்திட்டு, ஏற்கனவே காலியாகிக் கிடக்கிற இன்னொண்ணைப் பூட்டிக்கிட்டு வந்துருவேன். சரக்கு இறக்குறாங்களா இல்லையா, மில்லுல ஆள் இருக்கா இல்லையா, எனக்கென்ன? ராத்திரி வீட்ல சாப்பாடு. மறுநாள் வேற டிரெய்லர். சுகமா இருந்துச்சா? சுகம்தான். ஆனா மானம்னு ஒண்ணு இருக்குல்ல?

என் ஹார்ஸ் நெத்தியில 'பிரம்மசக்தி'ன்னு எழுதியிருக்கு, நீங்களே பார்த்திருப்பீங்க. ஆனா முன்னாடி எழுதினதை யார் படிக்கிறா? எதிர்ல வர்றவன். அவன் உயிர் பிழைக்கிறதைப் பார்ப்பானா, உட்கார்ந்து படிப்பானா? பின்னாடி வர்றவன்தான் படிப்பான். முந்தவும் முடியாம, நிக்கவும் முடியாம கோவில்பட்டி வரைக்கும் படிச்சுக்கிட்டே வருவான். அவன் படிச்சது என்ன? 'ஜெபமணி அண்ட் சன்ஸ்'. அண்ணாச்சிக்கு மூணும் பொண்ணு தம்பி. சன்ஸே கிடையாது. இல்லாத மகன்கள் பேரை வருஷக்கணக்கா நான் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

ஒருநாள் கோவில்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தினேன். கடைக்கார அம்மா பின்பலகையைப் படிச்சுட்டு வந்து கேட்குது: "நீங்க மூத்த மகனா, இளைய மகனா?"

டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்துட்டேன் தம்பி. என் ஹார்ஸ், என் டீசல், என் முதுகுவலி. மகன் மட்டும் அவருக்கா? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சொந்த டிரெய்லர். பின்னாடி 'லிங்கத்துரை டிரான்ஸ்போர்ட்'.

அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொன்னேன். கோபப்படுவார், கால்ல விழுவார்னு பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. "டிரெய்லரைப் பூட்டுறது லேசு லிங்கத்துரை, கழட்டுறதுதான் கஷ்டம்"னார். பொறாமை. வேற என்ன?

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில செய்யச் சொன்னேன். அங்க ஒரு மேஸ்திரி. எல்லாம் அளந்து எழுதிக்கிட்டு, கடைசியில கேட்டான்: "முளை பெருசா, சின்னதா?" டிரெய்லருக்கு அடியில கீழ்நோக்கி ஒரு இரும்பு முளை இருக்குமே, ஹார்ஸ் முதுகுல இருக்கிற தட்டு வாயில போய் மாட்டுற கிங்பின், அதைக் கேட்கிறான். நீங்களே சொல்லுங்க. வாழ்க்கையில முதல்தடவையா சொந்தமா ஒண்ணு செய்யுறோம். பெருசா சின்னதான்னு கேட்டா, சின்னதுன்னு எந்த மனுஷனாவது சொல்லுவானா?

"பெருசு"ன்னேன்.

"உங்க ஹார்ஸ்ல தட்டு எந்த அளவு?"ன்னான்.

"என் ஹார்ஸ் எதையும் இழுக்கும். நீ வேலையைப் பாரு"ன்னேன். அதுக்கப்புறம் அவன் எதுவும் கேட்கலை. பயம் வந்துருச்சு.

பட்டறைக்காரங்க வண்டியே டிரெய்லரைக் கொண்டாந்து அண்ணாச்சி யார்டு வாசல்ல விட்டுச்சு. வாசல்லதான் விடச் சொன்னேன், எல்லாரும் பார்க்கணும்ல. மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம், எல்லாருக்கும் கேசரி. யார்டு டிரைவர் பூராவும் நிக்கான். அண்ணாச்சியும் சட்டை மாத்திட்டு வந்து நின்னார். நான் ஹார்ஸ்ல ஏறி, நிதானமா ரிவர்ஸ் எடுத்து, டிரெய்லருக்கு அடியில விட்டேன். 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்கணும், பூட்டிக்கிட்ட சத்தம். 'டங்'குன்னு கேட்டுச்சு.

முன்னாடி போனேன், திரும்ப வந்தேன். டங். கேசரி சாப்பிடுறவன் எல்லாம் வாயை மெல்லுறதை நிறுத்திட்டான். இன்னொரு தடவை. டங். ஐகோர்ட்துரை குனிஞ்சு அடியில பார்த்துட்டு வந்து, யாருக்கும் கேட்காம மெதுவாச் சொன்னான்: "அத்தான், முளை பெருசு. நம்ம தட்டு வாய் சின்னது."

"உன் வாய்தான்ல பெருசு"ன்னு எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். சபையில நம்ம கௌரவத்தை நாமதானே காப்பாத்திக்கணும்.

டிரெய்லரோட முளையை மாத்திருவோம்னு அவன் சொன்னான். புத்தம் புது டிரெய்லர் தம்பி, மாலை போட்ட மேனிக்கு நிக்குது. அதுல கை வைக்கிறதா? ஹார்ஸ்ல தட்டை மாத்துன்னேன். அப்ப அண்ணாச்சி கையைத் துடைச்சுக்கிட்டே வந்தார். "பெரிய வாய்த் தட்டைப் போட்டா, அப்புறம் என் டிரெய்லர் ஒண்ணுகூட உன் வண்டியில நிக்காது. யோசிச்சுக்கோ"ன்னார்.

"அதுக்குத்தான் அண்ணாச்சி போடுறேன்"னு சொன்னேன். எப்படி? எல்லாரும் என்னையே அண்ணாந்து பார்த்தாங்க. ஒருத்தன் மட்டும் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டான்.

அன்னிக்கு ஒரு பெரிய நன்மை நடந்துச்சு, அதைக் கவனிங்க. என் டிரெய்லரை இந்த வட்டாரத்துல வேற எவனும் இழுத்துட்டுப் போக முடியாது. திருட்டுப் பயமே இல்லை. என் ஹார்ஸும் வேற எவன் டிரெய்லரையும் இழுக்காது. அவ்வளவு ஒழுக்கம்.

அப்புறம் சவாரி. மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனிக்குக் கொட்டை மூட்டை ஏத்திக்கிட்டுப் போனேன். அங்க குடோன் நிறைஞ்சு கிடக்கு, இடம் வந்ததும் இறக்குவோம்னாங்க. சரி, இருப்போம்னு இருந்தேன். ஐகோர்ட்துரை, அவனும் யார்டு டிரைவர்தான், அண்ணாச்சி டிரெய்லரோட அதே கம்பெனிக்கு வருவான். காலை இறக்கி நிறுத்துவான், காலியாக் கிடக்கிறதைப் பூட்டுவான், "அத்தான், வீட்ல ஏதாச்சும் சொல்லணுமா?"ன்னு கேட்டுட்டுப் போயிருவான். மறுபடி வருவான். "அத்தான், வீட்ல ஏதாச்சும் சொல்லணுமா?" சொல்றதுக்கு என்ன இருக்கு, போன தடவை சொன்னதேதான். கடைசியில அவனே கேட்கிறதை விட்டுட்டு, பிரம்மசக்தி கொடுத்துவிட்ட தூக்குவாளியை மட்டும் வச்சுட்டுப் போக ஆரம்பிச்சான். பாவம் தம்பி, அலையுறான். நான் அசையாம ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கேன். எது பெருசு?

அங்க இருந்தப்பதான் மரச்சீனிக் கிழங்கு விதவிதமாச் சமைக்கப் படிச்சேன். கம்பெனி வாட்ச்மேன் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டான். அவன் பேத்திக்குக் காதுகுத்து. முதல் வரிசையில என்னைத்தான் உட்கார வச்சாங்க. அண்ணாச்சி டிரெய்லரை இழுத்துட்டு ஓடிக்கிட்டிருந்தா இந்த மரியாதை கிடைக்குமா?

அந்த வாரம்தான் என் மக செந்தூர்க்கனிக்குச் சடங்கு வச்சிருந்தாங்க. இல்ல, என்னால வர முடியலை. டிரெய்லரை அங்க நிறுத்திட்டு ஹார்ஸை மட்டும் ஓட்டிட்டு வந்திருக்கலாமேன்னு கேட்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. அண்ணாச்சி டிரெய்லர்னா கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டு வந்திருப்பேன். இது என் டிரெய்லர். எல்லாம் புது டயர். ராத்திரியில எவனாவது கழட்டிட்டா? அடுத்தவன் பொருளைப் போட்டுட்டு வரலாம். சொந்தப் பொருளைப் போட்டுட்டு எப்படி வர்றது?

சடங்குக்குத் தாய்மாமன்தான் முக்கியம். ஐகோர்ட்துரை டிரெய்லரைக் கம்பெனியில இறக்கிட்டு, நேரத்துக்கு வந்து சீர்த் தட்டோட நின்னுட்டான். ஒரு குறையும் இல்லை. ஆல்பம் உள்ளதான் இருக்கு, காட்டச் சொல்றேன். குடும்பப் படத்துல நானும் இருக்கேன். ஃபோட்டோக்காரர் கெட்டிக்காரர், என் லைசென்ஸ்ல இருந்த படத்தை எடுத்து ஒட்டிட்டார். எல்லாரும் பட்டு, எனக்கு மட்டும் காக்கிச் சட்டை. ஆனா கண்ணு நேரா பார்க்குது, அதுல குறை சொல்ல முடியாது. கனிதான் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பவே மாட்டேங்கிறா. வெட்கப்படுற வயசு.

அப்புறம் தை மாசம் கயத்தாறு பக்கத்துல கியர்பாக்ஸ் போச்சு. யாருக்குத்தான் போகாது? ஹார்ஸை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. டிரெய்லர் சரக்கோட ரோட்டு ஓரத்துல நிக்குது. அண்ணாச்சி மனசு கேட்காம மூணு ஹார்ஸ் அனுப்பினார், என் டிரெய்லர் ஒண்ணுக்கும் மசியலை. டங், டங், டங். அவ்வளவு ரோஷம். கடைசியில கிரேன் வச்சுக் கன்டெய்னர் பெட்டியைத் தூக்கி அவர் டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போனாங்க. சரக்குக்காரர் போன்ல பேசின பேச்சை எல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாது, சின்னப் பையன் நீங்க. அதுக்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடலை. வேற யாரும் கூப்பிடலை. பெரிய வண்டின்னா எல்லாருக்கும் ஒரு தயக்கம் வரும்.

ஹார்ஸ் சரியானதும் இங்க கொண்டாந்து நிறுத்தினதுதான். பின்பக்கத்தை உடைமரத்துக்குள்ள விட்டு நிறுத்தியிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரன் கேலி பண்ணுறான்: "லிங்கத்துரை, உன் பேரை என் ஆடுதான் தினமும் படிக்குது." படிக்கட்டுமே. ரோட்டுல போறவன் ஒரு நிமிஷம் படிப்பான். ஆடு நாள் பூராப் படிக்குது.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். உங்க ஹார்ஸை வடக்க இருந்து வாங்கினீங்களாம், அதுவும் பெரிய வாயாம். அதனாலதான் யார்டுக்காரங்க யாரும் உங்களைச் சேர்க்கலைன்னு ஐகோர்ட்துரை சொன்னான். அப்ப உங்களுக்கும் இதுக்கும் ஜோடிப் பொருத்தம் இருக்கு. சிலபேர் சொல்லுவாங்க, தட்டை மாத்திட்டா போதும், ரெண்டு மணி நேர வேலை, நாளைக்கே யார்டுல சேர்ந்துடலாம்னு. அந்தப் பேச்சைக் காதுல வாங்காதீங்க. நான் வாங்கலை.

ஏட்டி பிரம்மசக்தி, தம்பிக்குக் குடிக்கக் கலர் கொண்டா. ம், வந்துட்டா. இவதான் தம்பி. விலையெல்லாம் இவகிட்டத்தான் பேசணும். எனக்கு விலை பேச வராது, மனசு இளகிரும்.

என்னட்டி சொல்லுற தம்பிகிட்ட? "இவர் சொன்னதை எல்லாம் கேட்டீங்கள்ல? கேட்ட பிறகு யோசிச்சு முடிவு பண்ணுங்க. தட்டை மாத்துறதுன்னா என் தம்பியே மாத்தித் தருவான்"னா சொல்லுற? வியாபாரம் நடக்கிற இடத்துல பேசுற பேச்சா இது? நீங்க கலரைக் குடிங்க தம்பி. இவ எப்பவும் இப்படித்தான், உள்ளதை உள்ளபடி சொல்லிக் காரியத்தைக் கெடுப்பா.

எங்க எழுந்திரிச்சுப் போறீங்க? பின்பக்கமா? முள்ளு இருக்குன்னேனே. சரி, போய்ப் பாருங்க. என் பேர் மஞ்சள்ல இருக்கும், பச்சைப் பலகையில. ஓரத்துல ஒரு மயில். அதைப் பார்த்துட்டு வாங்க, அதுக்கப்புறம் பேசுவோம்.

என்னது? பேரே இல்லையா? சரியாப் பாருங்க. வெறும் பச்சையா? ஆடு நக்கியிருக்கும். ஆடு நக்கினா மயிலுமா போகும்? இருங்க, நானே வாரேன்.

...

ஏட்டி, யாரு செஞ்சது இது?

காலையில நான் டீ குடிக்கப் போனப்பவா? உன் தம்பியா? வாங்குறவர் பேர் எழுத இடம் வேணும்னா?

ஒண்ணுமில்லை தம்பி. பெயின்ட் வாடை, கண்ணுல ஏறிருச்சு. இன்னும் காயலை பாருங்க, கையில ஒட்டுது. கிட்டக் குனிஞ்சு பார்த்தா அடியில 'லி' லேசாத் தெரியும். தெரியலையா? எனக்குத் தெரியுது.

நான்தான் தம்பி அழிக்கச் சொன்னது. ஆமா. ஒரு பொருளைக் கொடுத்தாச் சுத்தமாக் கொடுக்கணும். அடுத்தவன் பேரை இழுத்துட்டுத் திரியுற கஷ்டம் எனக்குத் தெரியாதா? பிரம்மசக்தி, நீ சிரிக்காத. ஏதோ கேட்க வாரார், கேட்கட்டும்.

என்ன கேட்டீங்க?

இவ்வளவும் கேட்டுட்டு இதுதான் சந்தேகமா? இடம் பத்துமான்னா? உங்க பேர் என்ன? வேலாயுதபெருமாள். கொஞ்சம் நீளம்தான். 'டிரான்ஸ்போர்ட்'டும் சேர்க்கணும்ல? ரெண்டு வரியா எழுதுங்க, தாராளமாப் பத்தும். மஞ்சள் பெயின்ட் என்கிட்ட மிச்சம் இருக்கு, எடுத்துக்கோங்க. பெருசா எழுதுங்க. பின்னாடி வர்றவன் கண்ணைச் சுருக்காமப் படிக்கணும்.

பார்த்தியாட்டி? யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னு சொன்னியே. யோசிச்சுட்டார். தம்பிக்கு எல்லாம் தெரியுது. கூட்டிட்டுப் போய் விலையைப் பேசு. ஆல்பத்தையும் காட்டு.

அப்படியே உன் தம்பிக்குப் போன் போடு. ஸ்பானரை எடுத்துட்டு வரட்டும், சின்ன வாய்த் தட்டு பழசு கொட்டகையிலதான் கிடக்கு. யார்டு கேட்டைப் பூட்டுறதுக்குள்ள நம்ம ஹார்ஸ்ல மாத்திரலாம்.

அண்ணாச்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. மூத்த மகன் வாரான்னு.